பயம் ஒளிந்திருக்கும் சொல்

நம் வீடுகளில் குழந்தை முதன்முதலில் கற்றுக்கொள்ளும் தண்டனைச் சட்டம் ஒரே ஒரு விதியைக் கொண்டது: "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்." இந்த விதியை இயற்றியவர் யார் என்று தெரியாது. பாட்டிமார்களின் பாராளுமன்றத்தில் எப்போதோ நிறைவேறிய சட்டம் அது. அதில் ஒரு விசேஷம் உண்டு. பொய் சொன்ன எந்தக் குழந்தையின் கண்ணையும் சாமி இதுவரை குத்தியதில்லை. ஆனாலும் சட்டம் சில வருஷங்களுக்குச் செவ்வனே நடக்கிறது. பிறகு ஒருநாள் குழந்தை துணிந்து ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. கண் பத்திரமாக இருக்கிறது. அன்றோடு அந்தச் சட்டம் செத்துப் போகிறது. அடுத்தபடியாகப் பூச்சாண்டியை வரவழைக்கிறோம். அவனும் செல்லாக்காசான பிறகு வாத்தியாரின் பிரம்பு வருகிறது.

பெரியவர்களின் உலகத்திலும், தேசங்களின் உலகத்திலும் இதே காரியம் நடக்கிறது. அங்கே அதற்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'டெட்டரன்ஸ்' என்பார்கள். அந்த ஒரு சொல்லின் சரித்திரத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். சொல் ஆராய்ச்சி என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது தூக்குமரத்தில் தொடங்கி அணுகுண்டில் வந்து நிற்கிற கதை. நடுவில் நம் கயத்தாறும் வருகிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். லத்தீனில் 'டெர்ரேரே' என்றால் பயமுறுத்துவது. 'டெ' என்ற முன்னொட்டு 'அப்பால்', 'விலகி' என்ற பொருளைத் தரும். இரண்டும் சேர்ந்தால், பயமுறுத்தி விலகி ஓடச் செய்வது. இந்த வினைச்சொல் 16-ஆம் நூற்றாண்டில் 'டிட்டர்' என்ற உருவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதன் உடன்பிறப்புக்கள் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்: பயங்கரம் என்று பொருள்படும் 'டெர்ரர்', அதிலிருந்து பிறந்த 'டெர்ரரிஸ்ட்', 'டெர்ரிபிள்', 'டெர்ரிஃபிக்'. இந்தக் கடைசித் தம்பி மட்டும் குடும்பத்தொழிலை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போய்விட்டான். முதலில் 'நடுங்க வைக்கும்' என்ற பொருளில் இருந்தவன், இப்போது 'பிரமாதம்' என்ற பொருளில் திரிகிறான். நம் இளைஞர்களும் "கச்சேரி பயங்கரமாக இருந்தது" என்று மெச்சிக்கொள்ளவில்லையா? பயம் என்பது மனிதனுக்கு அவ்வளவு ருசியான வஸ்து போலிருக்கிறது.

மொழிநூலார் இன்னும் ஒரு படி பின்னால் போகிறார்கள். வடமொழியில் அச்சத்தைக் குறிக்கும் 'த்ராஸம்' என்ற சொல்லுக்கும் இந்த லத்தீன் சொல்லுக்கும் ஒரே வேர், நடுங்குதல் என்ற பொருளுடைய வேர், என்பது அவர்கள் துணிபு. ஆக, உடம்பு நடுங்குவதுதான் இந்தச் சொல்லின் பூர்விகம். இதை மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இந்தச் சொல்லைப் பிற்காலத்தில் கையாண்டவர்கள் எல்லாரும் அதன் நடுக்கத்தை நாம் மறந்துவிட வேண்டும் என்றே பாடுபட்டார்கள்.

நம் தமிழுக்கு இந்த விஷயம் புதிதல்ல. அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியர் கணக்கிட்டபோது நான்கு காரணங்களைச் சொன்னார்: தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். கள்வரையும் அரசனையும் அடுத்தடுத்து உட்கார வைத்த அந்தத் துணிச்சலை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். திருவள்ளுவர் இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறார். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்து, 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். குடிகள் வெருவி நடுங்கும்படியான காரியங்களைச் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். ஆனால் வள்ளுவர் தண்டனையே வேண்டாம் என்று சொல்லும் பேர்வழி அல்ல. குற்றத்தைத் தக்கபடி விசாரித்து, அது மறுபடியும் தலையெடுக்காத வகையில் தண்டிக்கச் சொல்கிறார். கோலைக் கடுமையாக ஓங்கி, அடியை மென்மையாகப் போடச் சொல்கிறார். ஓங்குவதுதான் வேலை செய்கிறது. அடி எவ்வளவு மெலிந்தாலும் ஓங்கலின் பயன் குறையாது என்பது அவர் கண்ட சூட்சுமம்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இதைப் பேசுகிறது. இந்நூல் நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்து, 1905-ல் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் நூல்நிலையத்தில் ஒப்படைத்த சுவடிகளிலிருந்து வெளிப்பட்டது, ஆர். சாமசாஸ்திரி அதை 1909-ல் பதிப்பித்தார். இரக்கமற்ற ராஜதந்திரி என்று பெயர் வாங்கிய கௌடில்யர் இதில் என்ன சொல்கிறார் தெரியுமா? கடுமையாகத் தண்டிக்கும் அரசனைக் கண்டு ஜனங்கள் வெறுப்புற்று மிரளுவார்கள். மெத்தனமாகத் தண்டிப்பவனை இகழ்வார்கள். தகுந்தபடி தண்டிப்பவனே மதிக்கப்படுவான் என்கிறார். பயத்துக்கும் ஓர் அளவு உண்டு, அளவு மீறினால் அது திரும்பிக் கடிக்கும் என்பதை இரண்டு ஆசிரியர்களும் அறிந்திருந்தார்கள்.

இங்கிலாந்து அதை அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது.

18-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் எதற்கெடுத்தாலும் தூக்கு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு ஷில்லிங்குக்கு மேல் பெறுமான பொருளை இன்னொருவர் ஜேபியிலிருந்து அவர் அறியாமல் திருடினால் தூக்கு. ஒரு வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினாலும் தூக்கு. லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் தூக்குமரம் இருந்தது. 1783 வரை கைதிகளை நகரத்தின் நடுவே வண்டியில் ஊர்வலமாக அங்கே கொண்டுபோனார்கள். நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும், பயந்து திருந்த வேண்டும் என்பது ஏற்பாடு.

நாலு பேர் என்ன, ஆயிரக் கணக்கில் வந்து பார்த்தார்கள். திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள். பட்சணமும் மதுவும் விற்றன. ஜேபித் திருட்டுக்காக ஒருவன் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் ஜேபிகளில் கீழே கைவரிசை நடந்தது என்பது அந்தக் காலத்துக் குறிப்புகளில் அடிக்கடி வரும் செய்தி. ஜேபிக்காரனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கிறது!

நாவலாசிரியர்கள் இந்தக் காட்சியை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தாக்கரே 1840-ல் ஒரு தூக்குத் தண்டனையைப் பார்த்துவிட்டு வெட்கத்துடன் ஒரு கட்டுரை எழுதினார். டிக்கன்ஸ் 1849 நவம்பர் 13-ஆம் தேதி, கொலைக் குற்றத்துக்காகக் கணவனும் மனைவியும் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டதைப் பார்த்தார். உடனே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தூக்கில் தொங்கியவர்கள் அவரை உலுக்கியதைவிட, கூடியிருந்தவர்களின் கும்மாளம்தான் அவரை அதிகமாக உலுக்கியது. பயம் ஏற்பட வேண்டிய இடத்தில் அவர் கண்டது கேளிக்கை. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் சட்டென்று விளங்கும். ஆசிரியர் சோக நாடகம் போடுகிறார். ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பார்ப்பவர் மனத்தில் என்ன நிகழ வேண்டும் என்று ஆசிரியர் உத்தரவு போட முடியாது. அரசாங்கமும் போட முடியாது. 1868-ல் இங்கிலாந்து பகிரங்கத் தூக்கை நிறுத்தி, சிறைச்சுவருக்குள் கொண்டுபோய்விட்டது.

அதற்கு முன்னமே ஒரு வேடிக்கை நடந்தது. சட்டத்தின் கடுமையே சட்டத்தைச் செயலற்றதாக்கிற்று. ஜூரர்கள் நல்ல மனிதர்கள்; ஒரு சாமானுக்காக ஒருவனைக் கொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே களவு போன பொருள் எவ்வளவு விலை பெறுமானதாயினும், அதன் பெறுமானம் முப்பத்தொன்பது ஷில்லிங்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாற்பதுக்கு ஒன்று குறைவு, கழுத்து தப்பியது. கள்ளக் கையெழுத்துக்கும் தூக்குத் தண்டனை இருந்தது. 1830-ல் பாங்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்கு மனுச் செய்துகொண்டார்கள்: 'தயவு செய்து இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையை எடுத்துவிடுங்கள், தண்டனை இவ்வளவு கடுமையாக இருப்பதால் யாரும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க மாட்டேன் என்கிறார்கள், எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பே இல்லை' என்பது அதன் சாரம். மனிதாபிமானம் செய்யாததைப் பணப்பெட்டி செய்தது.

இத்தாலியில் மிலான் நகரத்து இளைஞர் ஒருவர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். செசாரே பெக்காரியா என்ற அவர் 1764-ல், தம் இருபத்தாறாம் வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தண்டனை கொடூரமாக இருப்பது முக்கியமில்லை, அது தப்பாமல் வரும் என்பதே முக்கியம் என்றார். அவருக்குப் பின்னால் ஜெரமி பெந்தாம் போன்றவர்கள் அந்தக் கருத்தைக் கணக்குப் புத்தகம்போல் விரித்தார்கள். 'டெட்டரன்ஸ்' என்ற பெயர்ச்சொல்லும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் நூல்களில் நடமாடத் தொடங்கியது. அதற்கு முன்னால் ஆட்சியாளர்கள் பச்சையாக 'பயங்கரம்' என்றும், 'நாலு பேருக்குப் பாடம்' என்றும் சொல்லிவந்தார்கள். புதிய சொல் வந்ததும் பயத்துக்கு ஒரு சட்டை மாட்டியாகிவிட்டது. அது நீதிசாஸ்திரத்தின் பாஷையாயிற்று.

*

இனிக் கயத்தாற்றுக்கு வருவோம். டைபர்னில் நடந்த பாடத்தை அதே ஆட்சியாளர்கள் நம் திருநெல்வேலிச் சீமையிலும் நடத்திக் காட்டினார்கள்.

1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மன் சுற்றுவட்டாரத்துப் பாளையக்காரர்களை எல்லாம் கயத்தாற்றில் கூட்டினான். வீரபாண்டியக் கட்டபொம்மனை அவர்கள் நடுவே நிறுத்தி விசாரணை என்று ஒன்றை நடத்தினான். பின்னர் எல்லாரும் பார்க்க ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டான். கட்டபொம்மனின் மந்திரி சுப்பிரமணிய பிள்ளை ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டு, அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. கட்டபொம்மன் ஒருவனைக் கொல்வதுதான் நோக்கமென்றால் ஒரு சிறைக்கொட்டடியே போதும். மற்றப் பாளையக்காரர்களை எதற்காகக் கூட்ட வேண்டும்? அன்று அங்கே உண்மையில் தண்டிக்கப்பட்டவர்கள் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். மரத்தில் தொங்கியது ஒரு கழுத்து. கயிறு எல்லாருடைய கழுத்துக்கும் அளவெடுத்தது. டெட்டரன்ஸ் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான படம் எந்த அகராதியிலும் கிடையாது.

பலன் என்ன ஆயிற்று? பதினாறு மாதம்கூட முழுசாகத் தாங்கவில்லை. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. ஊர் ஜனங்கள் இரவு பகலாக மண் சுமந்து எழுப்பிய சுவர் அது. வெள்ளைக்காரத் தளபதிகள் கண்ணை நம்பாமல் திகைத்தார்கள். மே மாதம்வரை அந்தக் கோட்டை பிடிபடவில்லை. கிளர்ச்சி சிவகங்கைச் சீமைவரை பரவிற்று. முன்பு தனித்தனியாக நின்று ஒருவரையொருவர் சந்தேகித்த பாளையங்களில் பல, இப்போது கைகோத்துக்கொண்டன. அந்தப் புளியமரம் பயத்தை விதைத்ததென்று பானர்மன் நம்பினான். முளைத்து வந்தது ஆத்திரம்.

அப்புறம் கம்பெனியார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். அத்துடன் நிற்கவில்லை. கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பிடுங்கினார்கள், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபத்து மூன்று பேரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். ஏன்? தூக்குமரம் போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. மனத்தைப் பயமுறுத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆகவே கையைக் கட்டினார்கள்.

இந்த இடத்தில் இரண்டு காரியங்களுக்கும் உள்ள வித்தியாசம் துலக்கமாகத் தெரிகிறது. ஒருவன் கையிலிருக்கும் கத்தியைப் பிடுங்கிவிட்டால் அது தடுப்பு. கத்தியை அவன் கையிலேயே விட்டுவிட்டு, 'குத்தினால் உன் குடும்பமே இருக்காது' என்று சொல்வது வேறு. முன்னதில் அவன் மனம் எப்படி இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. பின்னதில் எல்லாமே அவன் மனத்தில்தான் இருக்கிறது. அவன் நம்ப வேண்டும், பயப்பட வேண்டும், பயந்தாலும் நிதானம் இழக்காமல் கணக்குப் போட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் கத்தி பாய்ந்துவிடும்.

*

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தபிறகு, இந்தச் சொல் நீதிமன்றத்தை விட்டு ராணுவ மந்திராலயத்துக்குக் குடிபோயிற்று. அடுத்த வருஷமே அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் பிராடி, இதுவரை சேனைகளின் வேலை யுத்தத்தில் ஜெயிப்பது, இனிமேல் யுத்தம் வராமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை என்ற கருத்தை எழுதினார். நல்ல கருத்துத்தான். ஆனால் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? வந்தால் சர்வ நாசம் என்று எதிரியை நம்பவைப்பதன் மூலம். 1954 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டல்லஸ் அதைப் பகிரங்கமான கொள்கையாகவே அறிவித்தார். ஒரு தேசம் முழுவதையும் பணயமாக வைத்துக்கொண்டு பேசும் பேச்சு, உலகத்தின் அன்றாட அரசியல் பாஷையாயிற்று.

ஒவ்வொரு மொழியும் இந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்ப்பதில் ரசமான விஷயங்கள் உண்டு. ஜெர்மானியர்கள் 'அப்ஷ்ரெக்குங்' என்றார்கள். பயம் அதில் பளிச்சென்று தெரிகிறது. அவர்கள் வீட்டுச் சமையலறையில் வெந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் போடுவதற்கும் அதே வினைச்சொல்தான். சுடச்சுட இருப்பதைத் திடுக்கிட வைப்பது என்ற உவமை நன்றாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களோ நாசூக்கானவர்கள். அவர்கள் 'திஸுவாசியோன்' என்றார்கள். அதன் வேர் புத்திமதி சொல்வது. வேண்டாம் என்று எடுத்துச் சொல்லித் திருப்புவது! 1960 பிப்ரவரியில் சஹாராப் பாலைவனத்தில் அவர்கள் முதல் அணுகுண்டை வெடித்தார்கள். அந்தப் படைக்கு அவர்கள் வழங்கிய இன்னொரு பெயர் 'அடிக்கும் படை'. ஒரே ஆயுதம் ஒரு பெயரில் அடிக்கிறது, மற்றொரு பெயரில் புத்தி சொல்கிறது.

ருஷ்யர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். அவர்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று பச்சையாக அச்சுறுத்துதல் என்று பொருள்படுவது. மற்றது, கடிவாளத்தை இழுத்து நிறுத்துவதுபோல் அடக்கி நிறுத்துதல் என்று பொருள்படுவது. சோவியத் எழுத்தாளர்கள் அமெரிக்கக் கொள்கையைப் பேசும்போது முதல் சொல்லையும், தங்கள் கொள்கையைப் பேசும்போது இரண்டாவது சொல்லையும் போட்டுக்கொண்டார்கள். எதிரி மிரட்டுகிறான், நாம் அடக்குகிறோம்! இதில் ருஷ்யர்களை மட்டும் குறை சொல்வானேன்? நாம் அடித்தால் கண்டிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் அடித்தால் கொடுமை என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

1962-ஆம் வருஷத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில், எண்பத்து மூன்று வயதான ராஜாஜி அமெரிக்காவுக்குப் போனார். காந்தி சமாதான நிலையத்தின் சார்பில் சென்ற தூதுக்குழுவின் தலைவராக, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு பேசினார். தள்ளாத வயதில், தம் வழக்கமான வேஷ்டியும் கண்ணாடியுமாக, குண்டு வைத்திருப்பவரிடமே போய் 'இதை வெடித்துப் பார்க்காதீர்கள்' என்று சொல்ல ஒரு தமிழ் எழுத்தாளர் புறப்பட்டார் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ராஜாஜியின் அரசியலை ஒப்பாதவர்களும் இந்தப் பிரயாணத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். 1963 ஆகஸ்டில், நிலத்துக்கு மேலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று.

ஆனால் அதற்கு முன், அந்தச் சந்திப்பு நடந்து ஒரு மாதம் ஆவதற்குள், கியூபா நெருக்கடி வந்துவிட்டது. அக்டோபரில் பதின்மூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 27-ஆம் தேதி, கியூபாவை அடுத்த கடலில், ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை மேலே வரச் செய்வதற்காக அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெக்கை. மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. மேலே யுத்தம் தொடங்கிவிட்டதா என்று தெரியவில்லை. அந்தக் கப்பலில் அணு ஆயுதம் பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. கேப்டன் அதை ஏவும் எண்ணத்துக்கு வந்துவிட்டார் என்றும், வாசிலி அர்ஹிபோவ் என்ற அதிகாரி நிதானமாகப் பேசி அவரைத் தடுத்தார் என்றும் பின்னால் தெரியவந்தது. அமெரிக்கர்களோ அப்படியோர் ஆயுதம் அந்தக் கப்பலில் இருப்பதையே அறியவில்லை. பயமுறுத்தித் தடுக்கும் ஆயுதம் இருப்பது எதிரிக்குத் தெரிய வேண்டாமா? சாமியே இல்லாத கோயிலில் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்வதையாவது புரிந்துகொள்ளலாம். சாமி இருப்பதை மறைத்து வைத்துவிட்டுக் குத்தக் காத்திருப்பதை என்னவென்று சொல்வது?

அதுபோலவே 1983 செப்டம்பர் 26-ல், ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் இயந்திரங்கள் அலறின. காவலில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை அனுப்புவானா என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அது பொய் எச்சரிக்கைதான். இந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் உலகத்தைக் காப்பாற்றியது எது? பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் பயந்து நடுங்கிய வேளையில், பயத்துக்கு இணங்காமல் யோசித்த ஒரு மனிதன்தான் காப்பாற்றினான். டொனால்ட் பிரென்னன் என்ற அமெரிக்க நிபுணர், பரஸ்பரம் நாசம் உறுதி என்ற அந்தக் கொள்கையின் பெயரிலுள்ள முதல் எழுத்துக்களைக் கூட்டினால் ஆங்கிலத்தில் 'பைத்தியம்' என்று வருகிறது என்று சுட்டிக் காட்டினார். கேலிக்காகச் சொன்ன அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கொள்கையை ஆதரிப்பவர்களிடம் பலமான ஒரு வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1945-க்குப் பிறகு எந்த வல்லரசும் மற்றொரு வல்லரசின்மேல் அணுகுண்டு போடவில்லை. ஆகவே டெட்டரன்ஸ் பலித்திருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நடக்காத ஒன்றுக்குக் காரணம் காட்டுவது லேசான காரியமா? வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டியிருக்கிறோம். பத்து வருஷமாகத் திருடன் வரவில்லை. பலகையால் வரவில்லையா, நாயால் வரவில்லையா, திருடுவதற்கு நம் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதால் வரவில்லையா? திருடன் வந்த அன்றைக்குத்தான் பலகையின் யோக்கியதை தெரியும். டெட்டரன்ஸின் தோல்விகளை எண்ணலாம். வெற்றிகளை எண்ண முடியாது. மரண தண்டனை விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல், பல பத்தாண்டு ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று அவற்றைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று முடித்தது. நம் சட்டக் கமிஷனும் 2015-ல், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே எழுதிற்று.

நம் தேசமும் 1974-லும் 1998-லும் போக்ரானில் அணுகுண்டு வெடித்தது. 1999-ல் வெளியான அணு ஆயுதக் கொள்கையின் நகலைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். முதலில் நாம் பிரயோகிப்பதில்லை, எதிரி நம்பும்படியாகவும் குறைந்தபட்ச அளவிலும் டெட்டரன்ஸ் வைத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம்; 2003-ல் அரசாங்கம் அறிவித்த கொள்கையும் அதை ஒட்டியதே. கோலை ஓங்கு, மெல்லப் போடு என்பதன் தூரத்து எதிரொலி அதில் கேட்கிறது. ஆனால் மெல்ல விழும் அணுகுண்டு என்று ஒன்று உண்டா?

கடைசியாக, நம் சொல்லுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம், "டெட்டரன்ஸ் என்பதற்குத் 'தடுப்பு' என்று போட்டுவிடலாமே? எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சம்மதமில்லை. தமிழில் 'தடுப்பு' என்ற சொல் எந்தெந்த இடங்களில் புழங்குகிறது என்று பாருங்கள். அம்மைக்குத் தடுப்பூசி. ஆற்றுக்குத் தடுப்பணை. வீட்டுக்குள் தடுப்புச் சுவர். எல்லாம் சாதுவான, உபகாரமான வஸ்துக்கள். அணுகுண்டை அந்தப் பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அதுவும் ஒரு தடுப்பூசி என்று வாசகர் நினைத்துக்கொள்வார். தடுப்பணை உண்மையிலேயே தண்ணீரைத் தடுக்கிறது. அணுகுண்டு எதையும் தடுப்பதில்லை. வருகிற குண்டை அதனால் நிறுத்த முடியாது. அது பயமுறுத்துகிறது, அவ்வளவுதான். பயந்தவன் தானாக நின்றால் உண்டு.

'அச்சத் தடுப்பு' என்று போட்டால் என்ன என்றார் நண்பர். அச்சம் வராமல் தடுப்பது என்றல்லவா பொருள் வரும் என்று சொன்னேன், இருவரும் சிரித்துவிட்டோம். நம்மிடம் 'வெருட்டுதல்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. கொல்லையில் பறவைகளை மிரட்ட நிற்கும் வைக்கோல் பொம்மைக்கு 'வெருளி' என்று பெயர் இருக்கிறது. ஆகவே 'வெருட்டித் தடுத்தல்' என்று எழுதுங்கள் என்றேன். "நீளமாக இருக்கிறதே, தலைப்பில் அடங்காதே" என்று அவர் குறைப்பட்டார். அடங்காவிட்டால் போகட்டும். இரண்டு எழுத்து மிச்சம் பிடிப்பதற்காக ஒரு சொல்லின் உயிரை எடுக்கலாமா?

காரியத்தைக் கைவிட வேண்டும் என்று நான் இங்கே வாதாடவில்லை. அது ராஜ்யங்களை ஆளுகிறவர்களின் பொறுப்பு. அவர்களுக்கு எத்தனையோ நிர்ப்பந்தங்கள். ஆனால் சொற்கள் எழுதுகிறவர்களின் பொறுப்பு. கயத்தாற்றில் நடந்ததை யாராவது 'தடுப்பு நடவடிக்கை' என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பாளையக்காரர்களின் வயிற்றில் அன்று புரண்டது எதுவோ, அது சொல்லில் இருக்க வேண்டும். சொல்லில் பயம் தெரிந்தால்தான், அந்தச் சொல்லைக் கொள்கையாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரின் விரலும் ஒரு கணம் நடுங்கும். அந்த ஒரு கணத்தில்தான் அர்ஹிபோவ் பேசினார், பெத்ரோவ் யோசித்தார்.